புட்டிக்குப் பத்து ரூபாய், மனிதனுக்கு?

நீலகிரி மாவட்டத்தில் 2022ஆம் ஆண்டு மே மாதம் ஒரு நல்ல ஏற்பாடு தொடங்கிற்று. அரசு மதுக்கடையில் புட்டி வாங்குவோரிடம் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்றுக்கொள்வது. காலிப் புட்டியைத் திருப்பிக் கொணர்ந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தருவது. காட்டோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் வீசியெறியப்பட்ட புட்டிகள் உடைந்து, யானைகளின் பாதங்களையும் மற்ற விலங்குகளின் கால்களையும் கிழித்து வந்தன. அதனைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதன் விளைவே இவ்வேற்பாடு. நல்ல பயன் தந்தது. புட்டிகள் திரும்பி வந்தன. பின்னர் வேறு பகுதிகளுக்கும் இம்முறை விரிந்தது.

வாயில்லா உயிரின் பாதத்திற்காகக் கவலைப்பட்டவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்குப் பாவமன்னிப்புக் கிட்டிற்று என்று அறிவித்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். ஆயின் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்து உறுத்துகிறது. புட்டி திரும்பி வந்துவிட்டது. அந்தப் புட்டியைக் காலி செய்த மனிதன் எங்கே? உதகைப் பேருந்து நிலையத்துச் சிமெண்டுத் தளத்தில், மார்க்கெட் கடைகளின் தாழ்வாரத்தில், மார்கழி உறைபனியில் கோணியைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடக்கிறானே, அவனைத் திருப்பிக் கொணர்வார் யார்?

இக்கேள்வியை அரசை நோக்கிக் கேட்பது எளிது. 1983இல் அமைந்து, 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்ட டாஸ்மாக் நிறுவனத்தின் மூலம் 2023-24ஆம் நிதியாண்டில் மட்டும் அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வந்தது. விற்றவரே விளைவுக்கும் பொறுப்பு என்று கேட்பதில் நியாயம் உண்டு. இன்று நாம் அக்கேள்வியை வேறு திசையில் திருப்புகிறோம். பள்ளிவாசல்களை நிருவகிக்கும் ஜமாஅத்தார்களை நோக்கி, ஜகாத்தும் ஸதக்காவும் வழங்கும் குடும்பத்தார்களை நோக்கி, மிம்பரில் ஏறி நிற்கும் ஆலிம்களாகிய நம்மை நோக்கியே கேட்கிறோம்.

மலையில் கிடப்பவர் யார்?

"நம்மவர் குடிப்பதில்லை, எனவே இது நமது பிரச்சினையன்று." நம் வீட்டுக் கூடங்களில் அடிக்கடி ஒலிக்கும் வாக்கியம் இது. இதைச் சொல்பவர் எவரும் வைகறைத் தொழுகைக்குமுன் கடைவீதியில் ஒருமுறை நடந்து பார்த்தவரல்லர்.

நீலகிரியின் வீதிகளில் கிடப்பவர் ஒரே இனத்தவரோ ஒரே மதத்தவரோ அல்லர். ஏப்ரல், மே மாதங்களின் 'சீசனு'க்காகச் சமவெளியிலிருந்து ஏறி வந்து, உணவகங்களிலும் விடுதிகளிலும் உழைத்து, கூட்டம் கலைந்ததும் வேலையிழந்தவர் உண்டு. காரட் அறுவடைக்கும் சுமை தூக்குவதற்கும் கூலிக்கு வந்து, கூலியோடு குடியையும் பழகிக்கொண்டவர் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே முதுமை எய்தியவர் உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தரும் கடமையை முதலாளிக்கு விதித்தது. ஆனால் அந்த லைன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போயிற்று. 1964ஆம் ஆண்டின் சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1968இல் அரசே இங்குத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அவ்வாறு ஒருமுறை நாடிழந்து வந்தவரின் பிள்ளைகளில் சிலர் பின்னர் வீடும் இழந்தனர்.

இவர்களில் பெயரைக் கேட்டால் 'அப்துல்' என்றும் 'முஹம்மது' என்றும் சொல்லக்கூடியவரும் உண்டு. கேட்பார்தாம் இல்லை.

ஒன்றிய அரசின் சமூகநீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. 10 முதல் 75 வயது வரை உள்ளோரில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துவதாக அது கணித்தது. மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஓர் உதவியைப் பெற்றிருந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. வீடும் முகவரியும் உடையோரின் நிலையே இதுவென்றால், வீதியே முகவரியானவனின் நிலையை நாம் சொல்லவும் வேண்டுமோ?

மலைநாட்டில் இன்னொரு கொடுமையும் சேர்கிறது. "குளிருக்கு ஒரு மிடறு" என்பது இங்கு மருந்தைப்போல் வழங்கும் சொல். உண்மை நேர்மாறானது. மது தோலுக்கடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. உள்ளுறுப்புகளைக் காக்க வேண்டிய சூடு தோல் வழியே வெளியேறுகிறது. குடித்தவனுக்குச் சூடேறியதுபோல் தோன்றும். உடலோ குளிர்ந்துகொண்டே போகும். உறைபனி இரவில் திறந்தவெளியில் படுத்தவன் சூடாயிருக்கிறது என்ற நினைப்போடே மரணத்துள் நழுவுகிறான்.

நாம் செய்த பிழை

பிறரைச் சாடுமுன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை.

2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். மலையூர் ஒன்றில் நாம் மதரஸாவில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். இஷாத் தொழுகை முடிந்து வெளிவந்தபோது, செருப்பு வைக்கும் இடத்தில் ஒருவர் அமர்ந்திருந்தார். இராமநாதபுரம் பக்கத்தவர். பரோட்டா போடும் தொழிலில் பெயர் பெற்றிருந்தவர். "ஹஜ்ரத், கை நடுங்குது, இந்தக் கையாலே இனி மாவு வீச முடியாது. என்னை எப்படியாவது காப்பாத்துங்க" என்றார்.

நாம் மகிழ்ந்தோம். ஒரு பாவி மனம் திரும்பி வந்தான் என்று உள்ளம் பூரித்தோம். கலிமாவைச் சொல்லச் செய்தோம், தௌபா கொடுத்தோம். அவர் தேம்பி அழுதார். மதரஸாவின் பக்கத்து அறையில் படுக்க இடமளித்து, வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும்படி மாணவர்களிடம் கூறினோம்.

மூன்றாம் நாள் இரவு அவர் உடல் முழுதும் உதறியது. சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கூவினார். ஜின்னின் தீண்டல் என்றார் ஒருவர். நாம் ஆயத்துல் குர்ஸீ ஓதினோம். தண்ணீர் ஓதி முகத்தில் தெளித்தோம். வலிப்பு வந்து பல் கிட்டிற்று. காய்கறி லாரி ஓட்டும் ஒரு தொழுகையாளிதான் பதறிப்போய்ச் சொன்னார்: "இது சாராயத்தைத் திடுதிப்புன்னு நிறுத்தினதாலே வர்ற வலிப்பு, ஹஜ்ரத். எங்க அண்ணனுக்கும் வந்துச்சு. ஓதுறதை வண்டியிலே ஓதிக்கலாம். முதல்லே ஆசுபத்திரிக்குத் தூக்குங்க." மருத்துவர் அதையே உறுதி செய்தார். நெடுங்காலம் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும் என்றும், கவனியாது விட்டால் உயிரே போகும் என்றும், முதல் நாளே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றும் கூறினார். இருபதாண்டு அரபுக் கல்வி கற்பித்த நாம் அறியாததை லாரி ஓட்டுநர் அறிந்திருந்தார்.

பத்து நாளில் அவர் தெளிந்தார். கைந்நடுக்கம் நின்றது. மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாள் வந்தது. எங்கே போவார்? உளூச் செய்யுமிடத்துக்கு மேலே ஓர் அறை காலியாய்க் கிடந்தது. இரண்டு மாதம் அவர் அங்கே தங்கட்டும் என்று ஜமாஅத்தாரைக் கேட்டோம். கூட்டம் கூடிற்று. "குடிகாரனுக்குப் பள்ளியிலே இடமா?" என்றார் ஒருவர். "நாளைக்கு இன்னும் பத்துப் பேர் வருவான்" என்றார் மற்றொருவர். அறை மறுக்கப்பட்டது. அதே கூட்டத்தில் மினாராவுக்குப் புது விளக்குகள் போடத் தீர்மானமாயிற்று. சம்பளம் வாங்கும் நாமோ வாயடைத்து அமர்ந்திருந்தோம்.

அவர் பேருந்து நிலையத்துக்குத் திரும்பினார். ஒரு வாரத்தில் மறுபடியும் குடித்தார். ஜனவரி உறைபனியில் ஓர் அதிகாலை இறந்து கிடந்தார். உரியவர் எவருமில்லாச் சடலமென்று அடக்கப்பட்டார். பன்னிரண்டு நாள் கழித்தே நமக்குச் செய்தி வந்தது. எவர் குளிப்பாட்டினார்? எவர் கஃபனிட்டார்? எவர் தொழுவித்தார்? பெரும்பாவம் செய்தவனும் ஈமானைவிட்டு நீங்கினவனல்லன் என்பது அஹ்லுஸ் ஸுன்னத்தின் கொள்கை. அவனுடைய ஜனாஸாத் தொழுகை ஊரார்மீது ஃபர்ளு கிஃபாயா. எவரும் நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகள். அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

திண்ணைத் தோழர்களின் பள்ளி

"பள்ளிவாசல் தொழுவதற்குரிய இடம், வீடற்றோர் விடுதியன்று" என்கின்றனர். மதீனாவின் மஸ்ஜிதுந் நபவி எத்தகைய பள்ளியாக இருந்தது? அதன் ஒருபுறத்தில் நிழற்கூரை வேய்ந்த ஒரு திண்ணை இருந்தது. அதற்கு ஸுஃப்பா என்று பெயர். வீடும் சுற்றமும் பொருளும் இல்லாதவர் அதில் தங்கினர். மேலாடையின்றி ஒற்றைத் துணியைக் கழுத்தில் முடிந்திருந்த எழுபது திண்ணைத் தோழர்களைத் தாம் கண்டதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அவர்களும் அத்திண்ணைவாசிகளில் ஒருவரே. இருவருக்கான உணவு வைத்திருப்பவர் மூன்றாமவராக ஒரு திண்ணைத் தோழரை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் ஏற்பாடு. நம் பள்ளிவாசல்களில் மினாராவைக் கண்டோம், குவிமாடத்தைக் கண்டோம், அந்தத் திண்ணையை மட்டும் காணோம்.

"திண்ணைத் தோழர்கள் இறைநேசர்கள், இவன் குடிகாரன்" என்று மறுப்பு வரும். அதற்கும் முன்மாதிரி உண்டு. பெருமானாரைச் சிரிக்க வைக்கும் இயல்புடைய தோழர் ஒருவர் இருந்தார். குடித்ததற்காக அவர் பன்முறை கொண்டுவரப்பட்டார், தண்டனையும் பெற்றார். ஒருநாள், எத்தனை முறைதான் இவன் கொண்டுவரப்படுவான் என்று ஒருவர் சபித்தபோது, பெருமானார் சபிக்கலாகாது எனத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் எனச் சான்றும் பகர்ந்தார்கள். இதனை ஸஹீஹுல் புகாரியில் காணலாம். தவறு தவறென்றே வைக்கப்பட்டது. தவறியவர் சமுதாயத்திலிருந்து வெளியே எறியப்படவில்லை. அவர் மீண்டும் மீண்டும் தவறினார் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. மீண்டும் மீண்டும் தவறுவதே இந்நோயின் இயல்பு என்று இன்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

உமர் (ரலி) அவர்களின் வரலாறு ஒன்றைத் தஃப்ஸீர் நூல்கள் கூறும். ஷாம் நாட்டைச் சேர்ந்த நண்பர் ஒருவர் குடியில் வீழ்ந்தார் என்று கேள்வியுற்ற கலீஃபா, இறைவனின் மன்னிக்கும் பண்பையும் தண்டிக்கும் பண்பையும் ஒருங்கே கூறும் ஸூரத்துல் முஃமினின் தொடக்க வசனங்களை எழுதி அவருக்கு அனுப்பினார்கள். அவர் படித்துப் படித்து அழுது திருந்தினார். சறுக்கிய சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணை போகாதீர் என்பதே உமர் (ரலி) அவர்கள் அப்போது தோழர்களுக்குக் கற்பித்த பாடம். பள்ளிவாசலின் கதவைச் சாத்தி மதுக்கடையின் கதவை நோக்கி ஒருவனை அனுப்புகிறவர் யாருக்குத் துணை போகிறார் என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

மது விலக்கப்பட்ட முறையையும் எண்ணிப் பாருங்கள். திருமறை ஒரே நாளில் தடை விதிக்கவில்லை. பயனைவிடத் தீமை பெரிதென்று முதலில் உணர்த்திற்று. பின்னர் போதையில் தொழுகையை நெருங்காதீர் என்றது. ஐவேளைத் தொழுகை இருக்கையில் பகற்பொழுதில் குடிக்க இடமே குறுகிப் போயிற்று. உள்ளங்கள் பக்குவப்பட்ட பின்னரே முழுத்தடை வந்தது. படைத்தவனே தன் அடியார்களுக்குப் படிகள் அமைத்துக் கொடுத்திருக்க, வீதியில் கிடப்பவனை மட்டும் ஒரே தாவலில் மேலேறி வா என்று நாம் கூறுவது எந்த நியாயம்?

துஆவும் மருந்தும்

இனி, மறுபுறத்தே நிற்கும் பிழையையும் சொல்லியாக வேண்டும். சேர்த்துக்கொண்டு, மருத்துவத்தை மறுத்து, ஓதினால் போதும் என்றிருப்பதே அப்பிழை. நாமும் அதனைத்தான் செய்தோம் என்று மேலே ஒப்புக்கொண்டோம்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாளை நம் சமுதாயம் மறக்கலாகாது. ஏர்வாடியில், தர்கா நகரில் இயங்கிய தனியார் மனநோயாளர் இல்லம் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டனர். ஷிஃபா நாடி நம்பிக்கையோடு அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். அரபியில் 'கம்ர்' என்னும் சொல் மூடுதல் என்னும் வேரிலிருந்து வந்தது; மது அறிவை மூடுவதால் அப்பெயர். 'அக்ல்' என்னும் சொல்லோ கட்டுதல் என்னும் வேரினது. ஒட்டகத்தைக் கட்டும் கயிறு 'இகால்'. மனிதனை உள்ளிருந்து கட்ட வேண்டியது அறிவு. அறிவை மீட்டுத் தரும் வழியறியாது, வெளியே இரும்பால் கட்டினோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது முதலிய போதைகளால் வரும் மனநோயையும் உள்ளடக்கியது. சங்கிலியிடுதலை அது அறவே தடை செய்திருக்கிறது.

அந்தப் பேரிடர் நம்பிக்கையின் தோல்வி என்று கூறுவார் உளர். நாம் அதனை ஏற்கவில்லை. குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாத்தார் தர்காவில் 2008 முதல், துஆ நாடி வருவோரை அங்கேயே மனநல மருத்துவரும் காணும் ஏற்பாடு நடைபெறலாயிற்று. 'தவா' என்றால் மருந்து. மருந்தும் துஆவும் என்னும் அந்த முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. ஓதுபவர் ஓதுகிறார், மருத்துவர் மருந்து தருகிறார், ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை. நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி என்பதை மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நாமே நடைமுறையில் மறந்தால் எங்ஙனம்?

நம்பிக்கையும் தோழமையும் மீட்சிக்குத் துணை செய்கின்றன என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்து உருவாக்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமை, கிறித்தவ ஆன்மிக இயக்கமொன்றின் பாதிப்பில் பிறந்தது. குடியை விட்டவரே குடிப்பவருக்குக் கைகொடுப்பது அதன் அடிப்படை. பல ஆய்வுகளை ஒன்றுகூட்டி ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் அறிக்கை 2020இல் வெளிவந்தது. தொடர்ந்து மதுவைத் தவிர்ப்பதில் இம்முறை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்கு இளைத்ததன்று என அது கண்டது. 1989இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர முஸ்லிம்கள் இதனை இஸ்லாமிய நெறிக்கேற்ப அமைத்து 'மில்லத்தி இஸ்லாமி' எனப் பெயரிட்டனர். கராச்சியில், 2016இல் மறைந்த அப்துல் சத்தார் ஈதி அவர்கள் நிறுவிய இல்லங்கள் போதைக்கு அடிமையானோருக்கும் மனநோயாளருக்கும் கூரை தந்தன. பிறர் செய்கின்றனர், நம்மவரும் செய்கின்றனர். நீலகிரியில் உள்ள நமக்கு மட்டும் என்ன தடை?

தௌபா நுழைவுச் சீட்டன்று

இங்கேதான் நம் வாதத்தின் உயிர்நிலை இருக்கிறது. மதத்தின் பெயரால் நடைபெறும் மீட்பு இல்லங்கள் பல நாடுகளில் ஒரு தவற்றைச் செய்தன: வழிபட்டால் சோறு, மனந்திரும்பினால் படுக்கை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கைதி ஒருவரின் சிறைச் சலுகைகளுக்கு நிபந்தனையாக ஆன்மிகம் கலந்த மீட்புத் திட்டத்தில் சேரும்படி கட்டாயப்படுத்தியது செல்லாது என 1996இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கற்ற நமக்கு இத்தீர்ப்புப் புதிதன்று. வயிற்றுப் பசியைப் பணயமாக்கிப் பெறும் தௌபா, தௌபாவே அன்று. குடித்திருப்பவனிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்பதை வள்ளுவரும் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் உணர்த்திச் சென்றார். முதலில் உடல் தெளியட்டும். தலைக்குமேல் கூரை வரட்டும். கைக்கு வேலை கிடைக்கட்டும். தெளிந்த அறிவோடு, தன் விருப்பத்தோடு, அவன் ஸஜ்தாவில் வீழும் நாள் வரும். வராவிடினும் அவனுக்குச் சோறிடும் கடமை நம்மைவிட்டு நீங்காது.

மறுப்புகள் இன்னும் உள. "குடிகாரன் பள்ளியின் தூய்மையைக் கெடுப்பான்" என்பர். தொழுமிடத்தை நாம் கேட்கவில்லை; வளாகத்தில் பூட்டிக் கிடக்கும் அறையைக் கேட்கிறோம். இஸ்லாத்தில் அப்போது சேராத ஸுமாமா என்னும் தலைவர், கைதியாக இருந்தபோது மஸ்ஜிதுந் நபவியின் தூணருகே வைக்கப்பட்டார். பெருமானார் நாள்தோறும் அவரிடம் நலம் கேட்டார்கள்; எந்நிபந்தனையும் விதிக்காமல் விடுவித்தார்கள். விடுதலை பெற்ற பிறகே, தாமாக நீராடி வந்து கலிமா மொழிந்தார் அவர். தௌபா எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

"ஜகாத் பணத்தைக் குடிகாரனுக்குக் கொடுப்பதா?" என்பர். அவன் கையில் காசு கொடுக்க நாமும் சொல்லவில்லை. பொருளாள இயலாதவனுக்குரிய பங்கைப் பொறுப்பாளர் பெற்று அவன் நலனுக்குச் செலவிடும் வழி ஃபிக்ஹு நூல்களில் உண்டு. கட்டடத்துக்கும் மற்றச் செலவுக்கும் ஸதக்காவும் வக்ஃபும் இருக்கின்றன. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பத் தொடங்கிய மருத்துவமனை வக்ஃபில் நடந்தது. குணமாகி விடைபெறும் ஏழை, உடனே உழைக்கச் சென்று மீண்டும் நோயுறாதபடி கையில் பொருள் கொடுத்து அனுப்பப்பட்டான். மருத்துவமனை வாசலுக்கு வெளியே உள்ள முதல் சில வாரங்களே ஆபத்தானவை என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர். நம் பரோட்டாக் கலைஞர் இறந்தது அந்த வாரங்களில்தான்.

"இது அரசின் வேலை" என்பர். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 25 இடங்களில் 'கலங்கரை' என்னும் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவமனை மருந்து தரும். ஆனால் அங்கிருந்து வெளிவருபவனை இரவில் "சாப்பிட்டாயா?" என்று கேட்பது மருத்துவமனையின் வேலையன்று. அது ஊராரின் வேலை.

செய்ய வேண்டுவது

பெரிய மாளிகை எழுப்பச் சொல்லவில்லை. உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஜமாஅத்தார்கள் ஒன்றுகூடிப் பத்துப் பேர் தங்கும் ஒரு 'ஸுஃப்பா'வைத் தொடங்கட்டும். சிகிச்சையை நாமே நடத்த முற்பட வேண்டா; அதற்குச் சட்டமும் பதிவும் உண்டு. குடியை நிறுத்தும் முதல் வாரம் மருத்துவமனையில் கழியட்டும். பின்னர் மூன்று மாதம் நம் கூரையின்கீழ். கம்பளியும் சுடுசோறும் இருக்கட்டும். மருந்தை வேளை தவறாது கொடுக்க ஒருவர் இருக்கட்டும். மண்டியிலோ தோட்டத்திலோ உணவகத்திலோ வேலை தேடித் தரப்படட்டும். கூலியின் பெரும்பகுதி அவர் பெயரிலேயே சேமிக்கப்படட்டும். விரும்புவோர் தொழட்டும், விரும்புவோர் ஓதட்டும். குடியை விட்டவர்கள் வாரமொருமுறை கூடி மனம்விட்டுப் பேசட்டும். வருபவர் எம்மதத்தவராயினும் கதவு ஒன்றே. மறுபடியும் வீழ்ந்தவர் திரும்பி வந்தால் மறுபடியும் மருத்துவமனை, மறுபடியும் அதே கம்பளி.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். குடித்துவிட்டு அடிக்கும் கணவனுக்குக் கதவைச் சாத்திய பெண்ணைக் குறைகூற நாம் வரவில்லை. தன்னையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்வது அவளுக்குக் கடமை. அவள் சாத்திய கதவுக்கு வெளியே ஊர் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதே நம் வாதம். உங்கள் வீட்டிலோ உறவிலோ நெடுநாள் குடித்தவர் எவரேனும் இருந்தால் அறையில் பூட்டி வைத்துத் திருத்த முயலாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14446 என்னும் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் வழி கேட்கலாம். துஆவையும் கைவிடாதீர்கள்.

இறுதியாக ஆலிம்களுக்கு. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நம் மதரஸாக்களில் ஓதப்படும் நூல். ஜகாத்தாலும் பைத்துல்மாலாலும் தீராத துன்பம் இருக்குமாயின், உடையற்றவனுக்கு உடையும் பசித்தவனுக்கு உணவும் தருவது ஃபர்ளு கிஃபாயா என்று அதில் கண்டோம். அக்கடமை நம் ஆட்சிக்குட்பட்ட பிற மதத்தவரையும் சேரும் என உரையாசிரியர்கள் விரித்தனர். நாமும் அந்தப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தினோம். ஜனாஸாவை ஃபர்ளு கிஃபாயா என்று ஊருக்கெல்லாம் அறிவிக்கிறோம். அதே பெயருடைய இந்தக் கடமையைப் பாடப் புத்தகத்திலேயே மடித்து வைத்துவிட்டோம். ஒருவன் இறந்தபின் சுமக்கத் தோள் கொடுப்பது கடமையென்றால், இறக்குமுன் தூக்கிவிடக் கை கொடுப்பதும் கடமையே.

உறைபனிக் காலம் ஆண்டுதோறும் வரும். உளூச் செய்யுமிடத்துக்கு மேலே அந்த அறை இன்னும் பூட்டியே இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். சாவி ஜமாஅத்தாரிடம் இருக்கிறது. இம்முறை நாம் வாயடைத்து இருக்கப் போவதில்லை.